ஆர்ச்சி கெடிஸின் பாட்டு

ஸ்கார்நெஸ்,
9 அக்டோபர் 1977

அன்புள்ள தம்பி இன்னஸுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அப்பாவும் நானும் சுகம். எடின்பரோ ஈரத்தில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, இல்லை அதையும் கிழித்து ஊக்கு மாட்டிவிட்டாயா?

செய்தித்தாளில் வந்த உன் படத்தை பக்கத்து வீட்டு பெல்லாதான் கொண்டுவந்தாள். இந்த ஊரில் வேறு யார் கொண்டுவருவார்கள்? தாடியைக் காணோம். தலைமயிர் குத்திட்டு நிற்கிறது. சட்டை முழுக்க ஊக்கு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஊக்கு வேணும்னா எழுதியிருக்கலாமே, உங்க அம்மா பெட்டில ஒரு டப்பா நிறைய கிடக்கு" என்றார். கோபம் என்று சொல்ல முடியாது. ஐந்து வருடம் கிட்டாரும் கையுமாக நம் பக்கத்துப் பாட்டுகளைப் பாடி, நாலு பேர் உன் பெயரைச் சொல்லத் தொடங்கிய நேரத்தில் இப்படி மாறிவிட்டாயே என்ற வருத்தம். பங்க் என்றால் என்ன என்று கேட்டார். வேகமாகப் பாடுவது என்றேன். "எங்க போறதுக்கு இந்த அவசரம்?" என்றார்.

போன சனிக்கிழமை மதுவிடுதியின் பின்னறையில் ஒரு கூத்து. நம் படகுத் தலைவர் வாட்டியின் மைத்துனன் அபர்டீனிலிருந்து வந்திருந்தான். பாட்டுக்காரர் தானாகக் கொடுக்காவிட்டால் அவர் செத்த பிறகுதான் அடுத்தவர் அதைப் பாடலாம் என்ற நம் ஊர் வழக்கம் தெரியாதவன். கிழவர் ஃப்ளெட் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, ஃப்ளெட்டின் பாட்டை எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். ஃப்ளெட் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "தம்பி, நான் இன்னும் சாகலைப்பா. இந்த பீர்கூட முடியலை" என்றார். அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். ஃப்ளெட் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்கும் யோசனை. வயது அறுபத்தொன்று ஆகிறது. புத்தாண்டுக்கு உன்னை வரச் சொல்கிறார். தன் பாட்டை உன்னிடம் கொடுத்துவிட வேண்டுமாம். கையைப் பிடித்துக்கொண்டு அவர் முதல் அடியைப் பாட, நீ பதினொரு கண்ணியையும் முழுக்கப் பாட வேண்டும். அதன் பிறகு அவர் அதைப் பாடமாட்டார். ஊரும் அதை ஆர்ச்சியின் பாட்டு என்று சொல்லாது, இன்னஸின் பாட்டு என்றுதான் சொல்லும். வராமல் இருந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
எல்ஸ்பெத்


எடின்பரோ,
20 நவம்பர் 1977

அன்புள்ள அக்கா,

நான் நலம். சளி போய்விட்டது, அல்லது எங்கள் சத்தத்தில் அது இருப்பது தெரியவில்லை. உன் கை வெடிப்பு எப்படி இருக்கிறது? மீன் கொட்டகையில் உப்புத் தண்ணீரிலேயே நிற்காதே என்று எத்தனை முறை சொல்வது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உனக்காவது சொல்கிறேன். ஐந்து வருடம் கண்ணை மூடிக்கொண்டு, காதில் கையை வைத்துக்கொண்டு, நான் ஏறாத படகுகளைப் பற்றிப் பாடினேன். ஏறிய ஒரே படகில் மூன்று நாளும் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன்; வாட்டி என்னை வாளியோடு சேர்த்துக் கட்டிவைத்தார். அப்படிப்பட்டவன் மேடையில் நின்று "நாங்கள் வலை இழுத்தோம்" என்று பாடுகிறேன், கல்லூரி வாத்தியார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாகிவிட்டது. இப்போது நாங்கள் நாலு பேர். ஒருவனுக்கும் சரியாக வாசிக்கத் தெரியாது. கேட்க வருகிற பையன்கள் எங்கள்மேல் துப்புகிறார்கள். அது பாராட்டாம். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

புத்தாண்டுக்கு வர முடியாது. அன்று கிளாஸ்கோவில் பாடுகிறோம். அப்பா கோபிப்பார். எதற்கும் அவரிடம் கேட்டுப் பாரேன், பாட்டை நீ வாங்கிக்கொண்டால் என்ன? குரல் உனக்குத்தானே. எனக்கு அம்மா கொடுத்தது காது மட்டும்தான்.

அப்பாவுக்கு என் அன்பு.

இன்னஸ்


ஸ்கார்நெஸ்,
8 ஜனவரி 1978

அன்புள்ள தம்பி,

புதிய வருடம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். நாங்கள் சுகம். பனி இன்னும் விழவில்லை.

புத்தாண்டு நல்லபடியாக முடிந்தது. நள்ளிரவுக்குப் பின் வாசலில் முதல் காலடி வாட்டியுடையது; கறுத்த முடிக்காரர், நல்ல சகுனம். அப்பா சாயங்காலமே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ வரமாட்டாய் என்று சொல்லியிருந்தேன், இருந்தாலும் போட்டுக்கொண்டார். பின்னறையில் அவரைப் பாடச் சொன்னார்கள். பாடினார். கண்ணி ஒவ்வொன்றையும் இழுத்து, மூச்சு வாங்கி, கடலுக்கு முதுகு காட்டி வீடு கட்டியவன் கதவைத் திறக்கிற இடத்தில் நிறுத்தினார் பார், பெல்லாகூட வாயை மூடிக்கொண்டாள்.

நீ எழுதியபடி கேட்டேன். அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எனக்குக் குடுங்களேன் அப்பா" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணுக்குக் குடுத்தா பாட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடும்மா" என்றார். எனக்கு முப்பத்தைந்து முடியப்போகிறது. எந்த அடுத்த வீடு என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.

அவர் உனக்காகவே வைத்திருக்கிறார். நேரம் கிடைக்கும்போது வா.

உன் அக்கா,
எல்ஸ்பெத்


லண்டன்,
14 மார்ச் 1979

அன்புள்ள அக்கா,

வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது, திட்டாதே. நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுத உட்காருவேன், யாராவது வேனைக் கிளப்பிவிடுவார்கள்.

பெரிய செய்தி. எங்கள் இசைத்தட்டு அடுத்த மாதம் வருகிறது. இந்த முறை பெரிய கம்பெனி. ஒரு பாட்டு குறைகிறது என்றார்கள். கைவசம் வேறு எதுவும் இல்லாமல், பழையது ஒன்றை எடுத்துப் புதிதாக அடித்துவிட்டோம். அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரேடியோவில் போடுவார்களாம். நம் ஊரில் இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்?

அப்பா எந்தப் படகில் போகிறார், வாட்டியோடுதானா? கேட்டதாகச் சொல்.

இன்னஸ்


ஸ்கார்நெஸ்,
6 மே 1979

இன்னஸுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் ஒரு நாள் முழுக்க இந்த ஊர் அப்படி நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். மீன் கொட்டகையில் இருபது பெண்கள் நின்று அறுத்துக்கொண்டிருந்தோம். ரேடியோ எப்போதும் போல அலறிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு காட்டுச் சத்தம் வந்தது, நான் கவனிக்கவில்லை. பிறகு உன் குரல் வந்தது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது இன்னஸ். "எங்க இன்னஸ்!" என்று கத்திவிட்டேன். அப்புறம் வார்த்தைகள் காதில் விழுந்தன.

அப்பாவின் பாட்டு.

எனக்கு முன்னால் நின்ற வாட்டியின் மனைவி கத்தியைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் வைத்துவிட்டார்கள். அப்பாவும் வாட்டியும் போன படகு கரையை விட்டு நாலு நாள். வடக்கே காற்று கடுமை என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். பெல்லா வந்து என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மவனுக்கு முதல்ல சேதி போயிருக்கும்டி. லண்டன்ல இருக்கான்ல, அங்கதான் எல்லாம் முதல்ல தெரியும்" என்றாள்.

இல்லை, இவன் சும்மா பாடுகிறான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. நீ இந்த ஊரில் பிறந்தவன். அப்பா உயிரோடு இருக்கும்போது அந்தப் பாட்டை உலகம் கேட்க நீ பாடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் நம்பிவிட்டேன். என் அப்பா செத்துவிட்டார் என்று உன் குரலை வைத்து நம்பினேன்.

வாட்டியின் மனைவி தன் புருஷனும் போய்விட்டான் என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுத் திரைகளை இழுத்துவிட்டார்கள். கண்ணாடிமேல் துணி போட்டார்கள். ரொட்டியும் பன்றித்தொடையும் வந்து குவிந்தன. பாதிரியார் வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் படகு வந்துவிட்டது. அப்பா பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். கறுப்பு உடுத்திய பெண்கள், இருட்டு வீடு, தன் நாற்காலியில் பாதிரியார். பெல்லா "ஐயோ கர்த்தரே" என்று அலறிக் கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்தாள். அப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன்.

பையைக் கீழே வைத்தார். "பாடினானா? எத்தனை கண்ணி பாடினான்?" என்றார். நாலு என்றேன். "மிச்சம் ஏழு?" என்றார். விட்டுவிட்டான் என்றேன். தலையை ஆட்டினார். ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டார்.

நீ எழுதுவாய் என்று நினைக்கிறேன்.

எல்ஸ்பெத்


லண்டன்,
2 ஜூன் 1979

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நூறு முறை படித்துவிட்டேன். அப்பா சுகமாக இருக்கிறார் என்பதுதான் முக்கியம். நீயும் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒன்று சொல்கிறேன், கேள். அது அந்தப் பாட்டே இல்லை. மெட்டு வேறு, தாளம் வேறு. வார்த்தைகளில் பாதி மட்டும்தான் அவருடையது. ஒரே மாவில் ரொட்டியும் செய்யலாம், கேக்கும் செய்யலாம். மீன் கொட்டகைப் பெண்கள் ரேடியோவைக் கேட்டுவிட்டு எழவு கொண்டாடினால் அதற்கு நான் என்ன செய்வது? இங்கே பதினாறு வயதுப் பையன்கள், கடலையே பார்க்காதவர்கள், அந்த வீட்டுக்காரன் கதையைக் கத்திப் பாடுகிறார்கள். உங்கள் பின்னறையில் முப்பது பேர் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லையா?

அப்பா ரொம்பக் கோபமாக இருக்கிறாரா? நான் அவருக்கு எழுதட்டுமா? சரி என்று நீ சொன்னால் எழுதுகிறேன்.

இன்னஸ்


ஸ்கார்நெஸ்,
16 செப்டம்பர் 1979

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை. அதனால் இப்போது கடலுக்குப் போகவில்லை. சனிக்கிழமைகளில் பின்னறைக்கும் போவதில்லை, படி ஏறுவது சிரமம். துறைமுகக் கொட்டகையில் வலை சரிபார்க்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலை, நல்லதுதான்.

அவருக்கு எழுதுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அதை நான் எப்படிச் சொல்வேன்?

இந்த வருடம் கானாங்கெளுத்தி மீன் நிறைய வந்திருக்கிறது. பெல்லா உன்னை விசாரித்தாள்.

உன் அக்கா,
எல்ஸ்பெத்


அபர்டீன்,
24 பிப்ரவரி 1980

அக்கா,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது பொறுமையில்லை. முழங்கால் என்று எழுதினாயே!

நேற்று இங்கே பாடினோம். முடிந்ததும் ஒருவன் பின்பக்கம் வந்து நின்றான். வாட்டியின் மகன் லாக்கி. பீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. எல்லாம் சொன்னான். அந்த எழவுக்கு அடுத்த திங்கட்கிழமை அப்பா பையோடு துறைமுகத்துக்கு வந்தாராம். படகுக்காரர்கள் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். வாட்டி பலகைமேல் நின்றுகொண்டு, "ஆர்ச்சி அண்ணே, உங்களுக்காக ஒருதடவை அழுதாச்சு. பாட்டும் உங்களை விட்டுப் போயிடுச்சு. இன்னொருதடவை அழ எங்க பொம்பளைங்களுக்குத் தெம்பில்லை" என்றாராம். முப்பது வருடம் அப்பாவோடு ஒரே படகில் போனவர். அப்பா தர்க்கம் செய்யவே இல்லையாம். "சரிதான் வாட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாராம். வாட்டியின் இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று ஃப்ளெட்டிடம் பிறகு சொன்னாராம்.

இதை ஏன் எனக்கு எழுதவில்லை? நான் ஒன்றும் தெரியாமல் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன், நீ கானாங்கெளுத்தி நிறைய வந்ததாக எழுதுகிறாய்.

வருகிறேன். வாட்டியைப் பார்த்துப் பேசுகிறேன். அப்பாவையும் பார்க்கிறேன். இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தானே.

இன்னஸ்


ஸ்கார்நெஸ்,
13 ஏப்ரல் 1980

அன்புள்ள தம்பி,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

வியாழக்கிழமை பஸ்ஸிலிருந்து பச்சைத் தலைமயிரோடு ஒருவன் இறங்கினான், மீன் சந்தைச் சுவரோரம் நின்று சிகரெட் பிடித்தான், அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போய்விட்டான் என்று பெல்லா சொன்னாள். "நம்ம இன்னஸ் மாதிரியே இருந்துச்சுடி" என்றாள். உனக்குக் கண் கெட்டுவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சுவரோரம் நின்றால் வலைக் கொட்டகையின் சன்னல் தெரியும். அவர் குனிந்து உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருப்பாய்.

உனக்கு நான் எழுதாததற்குக் காரணம் அவர்தான். எழுதக் கூடாது என்றார். "அவன் பாடுற நேரத்துல இதையெல்லாம் ஏன் அவன் தலைல போடறே" என்றார். நானும் கோபத்தில் இருந்தேன், சரியென்று விட்டுவிட்டேன்.

அந்த மே மாதத்திலிருந்து அவர் ஒரு அடிகூடப் பாடவில்லை. சவரம் செய்யும்போது முணுமுணுப்பாரே, அதுகூட இல்லை. ஆனால் ரேடியோவை அடுப்படிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். வானிலை கேட்க வேண்டுமாம். வானிலை முடிந்த பிறகும் அணைக்க விடுவதில்லை. கடலுக்குப் போகாத மனிதருக்கு வானிலை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. சர்க்கரை என்கிறார் டாக்டர்.

நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். பேசக்கூட வேண்டாம். வந்து எதிரில் உட்கார், போதும்.

உன் அக்கா,
எல்ஸ்பெத்


ஸ்கார்நெஸ்,
19 அக்டோபர் 1980

இன்னஸ்,

எட்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் லண்டன் முகவரிக்கே இதை அனுப்புகிறேன். அப்பா படுத்துவிட்டார். காலில் வந்த புண் ஆறவில்லை. பார்வை முழுக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். வாசலில் சத்தம் கேட்டால் யாரு என்கிறார்.

இதைப் பார்த்ததும் கிளம்பு.

எல்ஸ்பெத்


ஹாம்பர்க்,
21 நவம்பர் 1980

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? அப்பா எப்படி இருக்கிறார்? நான் ஜெர்மனியில் இருக்கிறேன், ஜூனிலிருந்து இங்கேதான். தலைமயிர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது, தாடிகூட வளர்கிறது, பார்த்தால் சிரிப்பாய்.

குழு கலைந்துவிட்டது. சண்டை, குடி, வழக்கமான கதை. சுற்றுப்பயணத்தின் பாதியில் என்னை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். திரும்ப வரவும் மனமில்லாமல், யாரோ ஒருவரிடம் கிட்டார் வாங்கி, ஒரு சின்ன உணவு விடுதியில் தனியாகப் பாடத் தொடங்கினேன். முதலில் வேகமாகவே பாடினேன், கை தானாக ஓடியது. ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. கத்த முடியவில்லை. மெதுவாகப் பாட வேண்டியதாயிற்று. அப்போதுதான் அக்கா, அப்பா ஏன் அந்தந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று புரிந்தது. நான் இத்தனை நாள் அதைக் கிழவரின் இளைப்பு என்று நினைத்திருந்தேன்.

அவர் பாட்டை நான் பாடுவதில்லை. இங்கே யாருக்கும் நம் ஊர் வழக்கம் தெரியாது, இருந்தாலும் பாடுவதில்லை. இசைத்தட்டைக் கேட்டவர்கள் அதைப் பாடச் சொல்வார்கள், அது என்னுடையது இல்லை என்று சொல்லிவிடுவேன்.

அன்று சுவரோரம் நின்றது நான்தான். பெல்லாவுக்குக் கண் நன்றாகவே தெரிகிறது.

வசந்தத்தில் வருகிறேன். இந்த முறை பஸ் திரும்பிப் போகும்போது அதில் இருக்கமாட்டேன். அப்பாவிடம் சொல், வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைக்கச் சொன்னேன் என்று. மிச்சம் ஏழு கண்ணியும் எனக்கு மனப்பாடம் என்று சொல்.

உன் தம்பி,
இன்னஸ்


ஸ்கார்நெஸ்,
4 டிசம்பர் 1980

அன்புள்ள தம்பி இன்னஸுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. லண்டனுக்கு நான் எழுதியது உனக்குக் கிடைக்கவில்லை என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் தெரிந்தும் நீ வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்துகொண்டு படி.

அப்பா நவம்பர் பதினொன்றாம் தேதி போய்விட்டார். வலி அதிகம் இல்லை. கிழவர் ஃப்ளெட்டும் கோடையில் போய்விட்டார்; அவருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். வாட்டியும் படகுக்காரர்களும்தான் கயிறு பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். வாட்டி கயிற்றை விடமாட்டேன் என்று நின்றுவிட்டார், விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

போவதற்கு முந்தைய நாள் காலையில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். பெல்லாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்குப் பார்வை முழுக்கப் போயிருந்தது, நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசற்கதவு காற்றில் அடித்துக்கொண்டது. "இன்னஸ் வந்துட்டானா?" என்றார். பெல்லா இளகிய மனசுக்காரி. யோசிக்காமல், "வந்துட்டான் ஆர்ச்சி, இதோ பூட்ஸைக் கழட்டுறான்" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா போர்வைக்கு வெளியே கையை நீட்டினார். முதல் அடியைப் பாடினார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து பாட்டு வந்தது. குரல் இல்லை, காற்று மட்டும்தான். பாடிவிட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் பெல்லாவைப் பார்த்தேன். பெல்லா கதவைப் பார்த்தாள். அங்கே யார் இருக்கிறார்கள்? கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் இருபது வருடம் நின்றதில் என் குரல் தடித்துப் போய்விட்டது, உனக்குத் தெரியும். அதை இன்னும் கீழே இறக்கிக்கொண்டு பாடினேன். பதினொரு கண்ணியும் பாடினேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதற்கு முன் வாய்விட்டு ஒரு தடவைகூடப் பாடியதில்லை. இருந்தும் ஒரு வார்த்தை தப்பவில்லை இன்னஸ். கதவைத் திறக்கிற இடம் வந்தபோது அவர் என் விரல்களை நெரித்தார். பெல்லா வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

முடித்ததும் அவர் முகம் நன்றாக இருந்தது. "இப்பதாண்டா அவசரமில்லாம பாடுற" என்றார். பிறகு, "அக்கா எங்கடா? அவளும் கேட்டிருக்கணும். அவளுக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

"அடுப்படில இருக்கா" என்றாள் பெல்லா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் குரல் தெரிந்துபோயிருக்கும்.

அடக்கம் முடிந்து எல்லோரும் பின்னறைக்கு வந்தபோது, பாட்டு யாரிடம் போனது என்று வாட்டி கேட்டார். இன்னஸிடம் என்றாள் பெல்லா. கடைசி நேரத்தில் வந்து வாங்கிக்கொண்டு போனான் என்றாள். யாரும் எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உன் பெயரைத்தான் அவர் கூப்பிட்டார், உனக்குத்தான் கொடுத்தார். நான் கையை மட்டும் கொடுத்தேன்.

வசந்தத்தில் வா. அறையைப் பெருக்கி வைக்கிறேன். குளிர் அதிகம் என்கிறார்கள் அந்த ஊரில், தொண்டையைக் கவனித்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயது இருக்க வேண்டும். நீ இருக்கும்வரை அது இன்னஸின் பாட்டு, நான் பாடக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் பாடினேன், அதையும் உன் பெயரில் பாடிவிட்டேன்.

உன் அக்கா,
எல்ஸ்பெத்